சூளைக் கூம்பும் இரத்தக் குறியும்

பழமலை என்றும் திருமுதுகுன்றம் என்றும் முன்னோர் வழங்கிய விருத்தாசலம் மணிமுத்தாற்றங் கரையில் அமைந்த தொன்னகரம். பழமலைநாதர் திருக்கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூர், இக்காலத்திற் பீங்கானாலும் பெயர்பெற்றுள்ளது. கொலுவிற்கு வைக்கும் பொம்மைகளும், மின்சாரக் கம்பிகளைத் தாங்கும் வெண்பீங்கான் உறுப்புகளும் அங்குள்ள சிறு தொழிற்சாலைகளில் உருவாகின்றன. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் கல்விக்கூடமும் அங்கு உண்டு. அத்தொழிலின் வரலாற்றை எழுதுவது நம் நோக்கமன்று. சூளைக்குள் வைக்கப்பெறும் ஒரு சிறு மண் கூம்பைத் துணையாகக் கொண்டு, சிறுநீரகம் செயலற்று இயந்திரத்தின் உதவியால் உயிர் தரித்திருப்போருடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பதை விளக்கவே முற்பட்டோம். இவ்விரண்டற்கும் யாது இயைபு என வினவுவோர் சிறிது பொறுத்தருள்க.

சூளையின் வாயை அடைத்துத் தீ மூட்டியபின், உள்ளே பாண்டம் எந்நிலையில் உள்ளது என்று அறிதல் அரிது. தணலின் நிறத்தைக் கண்டே பதம் கூறும் பழந்தொழிலாளர் உளர். ஆயினும் கண் பிழைபடுதல் இயல்பு. பெர்லின் நகரத்து அரசப் பீங்கான் சாலையில் பணியாற்றிய ஹெர்மன் ஸேகர் என்னும் ரசாயன அறிஞர் 1886-ஆம் ஆண்டில் இதற்கோர் உபாயத்தை வெளியிட்டார். களிமண், பெல்ஸ்பார், படிகக்கல் முதலியவற்றை வெவ்வேறு அளவிற் கலந்து, விரலளவான கூம்புகளாக வார்த்தார். ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு வெப்ப நிலையில் இளகி நுனி தாழும். இக்கூம்புகளைப் பாண்டங்களின் அருகே வரிசையாக நிறுத்திப் பார்வைத் துளை வழியே நோக்கி, எது தலை சாய்ந்தது, எது இன்னும் நிமிர்ந்துள்ளது எனக் கண்டு சூளையின் நிலையை உணர்வர். கூம்பு அந்தக் கணத்தின் சூட்டை மட்டும் காட்டுவதன்று. சூடும், அது நின்ற நேரமும் ஒருங்கே மண்ணிற் செய்த வேலையைக் காட்டுகின்றது. ஆனால் கூம்பு பாண்டத்தைச் சுடுவதில்லை. ஒருவன் இரும்புக் கம்பியை உள்ளே நுழைத்துக் கூம்பின் தலையை வளைத்துவிட்டால், பாண்டம் வெந்துவிடுமோ? இக்கேள்வியை நம் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே மீண்டும் இதற்கு வருவோம்.

இனி உடலென்னும் சூளையை நோக்குவோம். நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று வழங்கிய சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்றும் வடித்து, அதில் ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் உடலுக்கே ஈந்து, கழிவை மட்டும் ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவை பழுதுற்றாற் கழிவும் நீரும் உடலிலே தங்கிச் சில நாள் அல்லது வாரங்களில் உயிர்க்கு இறுதி நேரும். மெல்லிய சவ்வின் ஒரு பக்கத்தில் இரத்தமும், மறுபக்கத்தில் உப்புக்கள் அளவாகக் கலந்த நீரும் இருக்குமாயின், சிறு துகள்கள் சவ்வைக் கடந்து நீரிற் சேரும். பெரியவை இரத்தத்திலேயே நிற்கும். இத்தத்துவத்திற்கு டயாலிசிஸ் என்று 1861-இற் பெயரிட்டவர் ஸ்காத்லாந்து தேசத்துத் தாமஸ் கிரகாம். ஜெர்மனியில் கேயார்க் ஹாஸ் 1924-இல் இதனை முதன்முதல் மனிதரிடம் சோதித்தார். உலகப் போரின் நடுவே, ஜெர்மானியர் வசப்பட்டிருந்த ஹாலந்து தேசத்துக் காம்பன் என்னும் சிற்றூரில், வில்லெம் கோல்ப் என்னும் இளம் வைத்தியர் செலபேன் குழாயைச் சுழலும் உருளையிற் சுற்றி 1943-இல் ஓர் இயந்திரம் சமைத்து நோயாளரிடம் பயன்படுத்தினார். தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் மாண்டனர். 1945-இல் 67 வயதுடைய மாது ஒருவர் பிழைத்தெழுந்தார். மீண்டும் மீண்டும் இரத்தக் குழாயைக் குத்தவேண்டிய இடர்ப்பாட்டை நீக்க, அமெரிக்காவில் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960-இற் கையில் நிலையாக இருக்கும் ஒரு குழாயை அமைத்தார். 1966-இல் நாடியையும் சிரையையும் தோலின்கீழ் இணைக்கும் பிஸ்டுலா என்னும் முறை தோன்றிற்று. நம் நாட்டில் இச்சிகிச்சை வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே 1960-களின் தொடக்கத்திலேயே இது கையாளப்பட்டது. 1971-இற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் அங்கு வெற்றியுற்றது.

இயந்திரம் அரியதே. ஆயினும் அது சிறுநீரகம் ஆகிவிடாது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி என்று வைத்தாலும், இயந்திரம் உழைப்பது 12 மணி நேரமே. நம் நாட்டிலோ வாரம் இருமுறையோடு அமைபவர் பலர். எஞ்சிய நேரமெல்லாம் உடல் தன் கழிவைத் தானே சுமந்து நிற்கின்றது. ஆகவே, இந்நோயாளருள் எவர் பல்லாண்டு வாழ்வர், எவர் அண்மையில் ஆபத்தை அடைவர் என்று முன்னறிய முடியுமாயின், எவரிடத்து மிகுந்த கவனம் செலுத்த வேண்டும் என்பது விளங்கும். அம்முன்னறிவை இரத்தத்திலுள்ள சில பொருள்கள் தருகின்றன. இவற்றை இரத்தக் குறிகள் என இங்கு வழங்குவோம்.

நமக்கு நெடுநாட் பழக்கமான சூளைத் தொழிலாளர் ஒருவர் விருத்தாசலத்தில் உளர். நீரிழிவு நோயாற் சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை வெளியூர் சென்று டயாலிசிஸ் செய்துகொள்பவர். சென்ற ஆண்டில் ஒருநாள் அவரைக் காணச் சென்றபோது, பரிசோதனைச் சீட்டை மகிழ்ச்சியோடு நம் கையிற் கொடுத்து, "உப்பு இறங்கிவிட்டது, ஐயா" என்றார். கிரியாட்டினின் என்பதை உப்பு என்று சொல்வது நம்மவர் வழக்கு. சில திங்களுக்கு முன் 11-ஐத் தாண்டியிருந்த அவ்வெண் 8-க்குக் கீழ் வந்திருந்தது. வீட்டாரெல்லாரும் களித்தனர். ரசாயனம் கற்பிக்கும் நாமும் உடன் களித்தோம் என்பதை ஒளியாது கூறவேண்டும். அவர் தோளெலும்பு சட்டைக்கு மேலே துருத்தி நின்றதைக் கண்டும், அதனை எண்ணோடு பொருத்திப் பார்க்கும் அறிவு அன்று நமக்கு இல்லாது போயிற்று.

பின்னர், நம் கல்லூரியின் பழைய மாணவரான வைத்தியர் ஒருவரிடம் இதனைத் தெரிவித்தபோது, அவர் மகிழவில்லை. "இயந்திரத்தின் நேரம் கூட்டப்பட்டதா? சிறுநீர் மீண்டும் பெருகிற்றா? எடை எவ்வளவு? ஆல்புமின் எவ்வளவு?" என்று அடுக்கி வினவினார். நேரம் கூட்டப்படவில்லை, சிறுநீரோ முன்னினும் குறைந்துவிட்டது, எடை இறங்கியிருந்தது, ஆல்புமின் 3-க்கும் கீழே. இவற்றைக் கேட்டபின் அவர் விளக்கியதன் சாரம் வருமாறு.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து பிறக்கும் கழிவு. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்க்கு அது ஏறுதல் தீக்குறி. வடிப்பான் பழுதுற்றது என்பதை அது காட்டும். ஆனால் வடிப்பான் முற்றிலும் நின்று, வடிக்கும் வேலையை இயந்திரம் ஒரே அளவிற் செய்துவரும் ஒருவர்க்கு, சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தத்திற் கிரியாட்டினின் மிகுந்திருத்தல் பெரும்பாலும் தசை மிகுந்திருத்தலைக் குறிக்கும். அது குறைந்துகொண்டே வருதல் தசை கரைந்துகொண்டே வருதலைக் குறிக்கும். ஒரே எண் ஒரு வாயிலைக் கடந்ததும் தன் பொருளை மாற்றிக்கொள்கின்றது. நம் நண்பரின் உப்பு இறங்கவில்லை, உடல் இறங்கிற்று.

இஃது ஒருவருடைய ஊகம் அன்று. அமெரிக்காவில் எட்மண்ட் லவ்ரி, நான்சி லூ என்னும் இருவர் 12,000-க்கு மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளரின் வழக்கமான பரிசோதனை எண்களை ஒருங்கு சேர்த்து, எவர் இறந்தனர், எவர் வாழ்ந்தனர் என்று ஒப்பிட்டு 1990-இல் வெளியிட்டனர். புதிய கருவியோ விலையுயர்ந்த பரிசோதனையோ அவர்கள் நாடவில்லை. எங்கும் எடுக்கப்படும் சாதாரண எண்களே போதுமாயின. அவற்றுள் மரணத்தை முன்னறிவிப்பதில் தலைநின்றது ஆல்புமின். ஈரலில் உருவாகி இரத்த நீரில் மிதக்கும் இப்புரதம், நூறு மில்லிலிட்டருக்கு 4 கிராமும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு அபாயம் குறைவு. 3.5-க்கும் 4-க்கும் இடைப்பட்டோர்க்கே, அதாவது பரிசோதனைச் சாலை குறைவில்லை என்று எழுதி அனுப்பும் எல்லைக்குள் இருப்போர்க்கே, அபாயம் தெளிவாக மிகுந்திருந்தது. அதற்குக் கீழே இறங்க இறங்க அது பன்மடங்கு பெருகிற்று. கிரியாட்டினின் குறைந்தவர்க்கும் மரணம் மிகுதியாயிருந்தது.

ஆல்புமின் ஏன் குறைகின்றது? உணவிற் புரதம் போதாமை ஒன்று. உடலில் எங்கேனும் மறைந்து கனலும் அழற்சி மற்றொன்று. இரண்டாவதனைக் காட்டும் குறி சி-வினைப் புரதம் என்பது, வைத்தியர் சி.ஆர்.பி. என்பர். 1930-இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் இரத்த நீர் அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்த ஒரு பொருளோடு சேர்ந்து படிவதைக் கண்டு இதனை அறிந்தனர். டயாலிசிஸ் நோயாளருள் இது மிகுந்தவர் விரைவில் மாள்கின்றனர் என்பது 1999-இல் ஜெர்மனியில் நிகழ்ந்த ஆராய்ச்சியால் விளங்கிற்று. இவ்விரு குறிகளும் ஒன்றற்கொன்று துணை. சி.ஆர்.பி. சில மணி நேரத்தில் ஏறும். காரணம் நீங்கின் ஒரு நாளிற் பாதியாகக் குறையத் தொடங்கும். ஆல்புமினோ பாதியளவு மாறுவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் கொள்ளும். முன்னது இன்று வீசும் அனலைக் காட்ட, பின்னது பல நாள் நின்ற அனலின் வேலையைக் காட்டுகின்றது. ஸேகர் கூம்பின் இயல்பு ஆல்புமினிடத்து ஓரளவு காணப்படுவதை வாசகர் உணர்வர்.

இப்பொழுது இரும்புக் கம்பியின் கேள்விக்கு வருவோம். ஆல்புமின் குறைந்தால், ஆல்புமினையே புட்டியில் வாங்கி நரம்பில் ஏற்றினால் என்ன என்று கேட்போர் உளர். நகையை அடகு வைத்துப் புட்டி வாங்கிய குடும்பத்தை நாம் அறிவோம். ஏற்றினால் எண் சில நாட்களுக்கு உயரும். ஊட்டமும் பெருகாது, அழற்சியும் தணியாது. கூம்பு வளைந்தது, பாண்டம் பச்சையாகவே நிற்கின்றது. வேறு சில முடைகளுக்கு வைத்தியர் அப்புட்டியைப் பயன்படுத்துதல் உண்டு, அது வேறு.

பேரறிஞரும் இவ்வாறு கூம்பை வளைத்து ஏமாந்ததுண்டு. இரத்தச் செம்மை குறைந்த டயாலிசிஸ் நோயாளர்க்கு இறப்பு மிகுதி என்பது தெரிந்ததே. எரித்ரோபொயட்டின் என்னும் மருந்து வந்தபின், செம்மையை நல்லுடம்பினர் அளவிற்கே உயர்த்தினால் ஆயுளும் உயரும் என்று எண்ணி, இருதய நோயும் உடைய 1,233 பேரிடம் சோதித்தனர். உயர்த்தப்பட்டோரிடையே மரணமும் மாரடைப்பும் குறையவில்லை. கூடுவதுபோலவே தோன்றினமையால் ஆராய்ச்சி இடையில் நிறுத்தப்பட்டு 1998-இல் முடிவு வெளியாயிற்று. ஆகையாற் சோகையைத் திருத்துதல் தவறு என்று கொள்ளற்க. அளவோடு திருத்துதல் நன்மையே. எண்ணை முழுமையாக்குவதே நோயைத் தீர்ப்பதாகும் என்ற நினைவுதான் பிழைத்தது.

கொழுப்பின் கதை இன்னும் வியப்புடைத்து. உலகோர்க்குக் கொலஸ்டிரால் மிகுதல் தீது. டயாலிசிஸ் நோயாளருள்ளோ அது குறைந்தவரே முந்தி இறந்தனர். மெலிந்தவரே முந்தி இறந்தனர். இதனைத் தலைகீழ் நோய்க்கணக்கு என 2003-ஆம் ஆண்டளவில் அறிஞர் பெயரிட்டு ஆராயலாயினர். கொலஸ்டிரால் காப்பாற்றுகின்றதோ? அன்று. அழற்சியும் ஊட்டக்குறைவும் கொலஸ்டிராலையும் குறைக்கின்றன, ஆளையும் கொல்கின்றன. அவ்விரண்டும் இல்லாதவரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, மிகுந்த கொலஸ்டிரால் வழக்கம்போலத் தீதாகவே காணப்பட்டது என 2004-இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அது நிற்க, கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்தை ஜெர்மனியில் நீரிழிவுடைய டயாலிசிஸ் நோயாளர் 1,255 பேரிடத்தும், பின்னர்ப் பல நாடுகளில் 2,776 பேரிடத்தும் சோதித்தனர். முடிவுகள் 2005-இலும் 2009-இலும் வெளிவந்தன. எண் நன்றாக இறங்கிற்று. இருதய விபத்துகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இருதயத் தசையினின்று கசியும் டிரோபோனின், எலும்பிலிருந்து பிறந்து பாஸ்பரஸ் சுமையைக் காட்டும் எப்.ஜி.எப்.-23, இயந்திரத்தின் சவ்வு எளிதில் வெளியேற்றாத பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் முதலிய புதிய குறிகள் பல இப்பொழுது உள. ஒவ்வொன்றும் அபாயத்தை முன்னறிவிக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை மிகுதி. அறிந்தபின் செய்யத்தக்கது பெரும்பாலும் முன்னரே தெரிந்ததுதான். நம் கருத்து யாதெனில், மாதந்தோறும் எடுக்கும் எளிய எண்களைச் செவ்வையாகப் படிக்காத இடத்திற் புதிய பரிசோதனைக்குப் பணம் இறைத்தல், பழைய கூம்பையே நோக்காதவன் வெளிநாட்டுக் கருவி வாங்குவதை ஒக்கும். இதனை மறுக்கும் வைத்தியர் இருக்கலாம். அவர் எழுதினால் நாம் மகிழ்ந்து படிப்போம்.

எண்ணை எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். இரத்தம் சிகிச்சைக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று சீட்டிற் குறிக்கப்படாவிடிற் பயனில்லை. உடலில் நீர் மிகுதியாகத் தேங்கியிருக்கும் நாளில் ஆல்புமின் நீர்த்துக் குறைந்து தோன்றும். எடுத்த இரத்தம் நெடுநேரம் கிடந்தாலும் குலுங்கினாலும் செவ்வணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஓர் எண்ணினும் மூன்று திங்களின் போக்கே உண்மை பேசும். மேலும் இக்கணக்கெல்லாம் ஆயிரவரைப் பற்றியது. இன்னார் இத்தனை நாளில் இறப்பர் என்று எந்தக் குறியும் கூறாது. ஆல்புமின் குறைந்தும் பல்லாண்டு வாழ்வோர் உளர்.

நம் நண்பர் வீட்டில் நடந்தது இதுதான். இயந்திரத்தை நாடுவதற்கு முன், சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கப் புரதத்தைக் குறைக்குமாறு சொல்லியிருந்தனர். அக்காலத்திற்கு அது தக்கதே. டயாலிசிஸ் தொடங்கியபின் நிலை மாறிவிட்டது. புரதத்தின் கூறுகள் ஒவ்வொரு முறையும் சவ்வின் வழியே கழிகின்றமையால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 1 கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். இந்த மாற்றத்தை அவருக்கு எவரும் மனத்திற் பதியச் சொல்லவில்லை. சொல்லியிருப்பினும் அவர் மனைவியார் காதில் விழவில்லை. கணவர்க்குத் தீங்கு வரலாகாதென்று அவ்வம்மையார் மோர்க்கஞ்சியும் ரசச்சோறுமே ஊட்டி வந்தனர். அன்பே பட்டினியாயிற்று. வைத்தியர் சொற்படி முட்டையின் வெண்கருவும் மீனும் அளவாகச் சேர்க்கப்பட்டன. வெண்கருவிற் புரதம் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. முந்திரிக் காட்டின் நடுவே வாழ்பவர்க்கு முந்திரிப் பருப்பைத் தடுத்தல் எளிதன்று. ஆயினும் அதிற் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உள்ளமையால் அளவு குறிக்கப்பட்டது. இளநீர் முற்றும் விலக்கப்பட்டது. அதன் பொட்டாசியம் சிறுநீரகம் அற்றவருடைய இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

உணவோடு வேலை முடியவில்லை. சி.ஆர்.பி.யும் ஏறியிருந்தது. தேடிப் பார்த்ததிற் கடைவாய்ப் பல் ஒன்று வேரிற் சீழ்பிடித்திருந்தது. வலியில்லாமையால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கழுத்தில் நெடுநாள் தங்கும் குழாய், ஆறாத கால்புண், பல்லீறு ஆகிய இவை இத்தகைய கள்ளத் தீயின் வழக்கமான இருப்பிடங்கள். பல் பிடுங்கப்பட்டது. நான்கு திங்களில் ஆல்புமின் 3.4-க்கு வந்தது. கிரியாட்டினின் மீண்டும் 9-ஐத் தாண்டிற்று. இம்முறை அதனைக் கண்டு வீட்டார் அஞ்சாதிருக்க, நாம் நேரிற் சென்று விளக்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். படிகக்கற்றூளை நெடுங்காலம் சுவாசித்தோர்க்கு நுரையீரல் மட்டுமன்றிச் சிறுநீரகமும் பழுதுறுதல் மிகுதி என்று பிற நாடுகளில் தொழிலாளரிடை நடத்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மெருகிற் கலக்கும் ஈயமும் சிறுநீரகத்திற்கு ஆகாது. நம் நண்பர்க்கு நேர்ந்தது நீரிழிவால் என்பதே வைத்தியர் துணிபு. ஆயினும் களிமண் தூளிடை உழைப்போர் முகத்திற்குக் காப்பும், தூள் பறவாதபடி ஈரத்துடைப்பும் கொள்ளுதலும், ஆண்டுக்கொருமுறை சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுதலும் நன்று. சென்னை நகரத்துச் சிறுநீரக நிபுணர் டாக்டர் எம். கே. மணி, கிராமப் பெண்களையே பயிற்றி, வீடுதோறும் சென்று சிறுநீரிற் புரதம் உண்டா எனச் சில துளி அமிலத்தாலும், இரத்த அழுத்தத்தை எளிய கருவியாலும் சோதித்து, மலிவான மருந்துகளால் நோயைத் தடுக்கலாம் என்று செய்து காட்டியுள்ளார். டயாலிசிஸ் செலவைத் தமிழ்நாட்டு அரசினரின் காப்பீட்டுத் திட்டம் பலருக்கு ஏற்கின்றது. 2016 முதல் மத்திய அரசின் டயாலிசிஸ் திட்டமும் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி, வயிற்றின் வழியே செய்யும் டயாலிசிஸுக்கு உரிய நீர்ப்பைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன.

நம் நண்பர் இப்பொழுதும் திங்களும் வியாழனும் விடியற்காலையிற் புறப்பட்டுச் செல்கின்றார். வியாழன் சிகிச்சைக்கும் அடுத்த திங்களுக்கும் இடைப்பட்ட நாட்கள் நீண்டவை. இடைவெளி நீண்ட நாளின் முடிவிலேயே மரணம் மிகுகின்றது என்பது, 2011-இல் வெளியான, 32,000-க்கு மேற்பட்டோரைப் பற்றிய அமெரிக்க ஆராய்ச்சியால் அறியப்பட்டுள்ளது. ஆதலால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடிக்கும் நீரை அம்மையார் ஒரு பித்தளைச் செம்பில் அளந்து வைக்கின்றார். எடை, ஆல்புமின், கிரியாட்டினின், பொட்டாசியம், செம்மை ஆகிய ஐந்தையும் அவர் மகள் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமொன்றிற் கோடிட்டு எழுதி வருகின்றாள். அடுத்த சீட்டு பங்குனியில் வரும்.